வாக்கு எப்போது கடமையாகிறது? ஒப்பந்தம், தானம், அறக்கட்டளை பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டு விவகாரம், கோயில் விவகாரம், கடன் விவகாரம் எல்லாமே வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) உட்கார்ந்து வாயால் பேசி முடிப்பதுதான் வழக்கம். பேசியவர்கள் இருக்கும்வரை அது நிற்கிறது. அடுத்த தலைமுறை சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கணக்குக் கேட்கும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. ஒரு வாக்கு மூன்று வழிகளில் சட்டக் கடமையாகலாம். பதிலுக்கு ஏதாவது பெற்றுக்கொண்டு கொடுத்தால் அது ஒப்பந்தம். எதுவும் பெறாமல் கொடுத்தே முடித்துவிட்டால் தானம். இன்னொருவருக்காகப் பயன்படுத்தும்படி ஒருவர் கையில் ஒப்படைத்தால் பொறுப்பாண்மை. அறக்கட்டளை இதன் ஒரு வகை. இந்த மூன்றில் எதிலும் அடங்காத வாக்கை நீதிமன்றம் பெரும்பாலும் கட்டாயப்படுத்தாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த அடிப்படையில்தான்.

எழுதாமல் வாயால் பேசிய ஒப்பந்தம் செல்லுமா?

செல்லும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 10, எழுத்தைப் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. 18 வயது நிரம்பிய, புத்தித் தெளிவுள்ள இருவர், மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல், சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்கு, ஒரு பிரதிபலன் (பதிலுக்குத் தரும் ஏதாவது ஒன்று) வைத்து ஒத்துக்கொண்டால் போதும். நிலம், வீடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் வேறு சட்டங்கள் எழுத்தும் பதிவும் கேட்கின்றன.

வாய்ப்பேச்சு கவிழ்வது பெரும்பாலும் தெளிவில்லாததால்தான். பொருள் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 29. தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போன் போட்டு "முகப்புக்கும் பட்டாலைக்கும் நல்ல கல்லாப் போட்டுக் குடுங்க" என்று சொல்லி முன்பணம் அனுப்புகிறார்கள். வந்த கல்லின் சிவப்பு கேட்ட சிவப்பு இல்லை என்றால் எதை வைத்து வாதாடுவது? ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்வது. ஒரு தடவை கலக்கிய சாயத்துக்கும் அடுத்த தடவைக்கும் சாயல் மாறும். அதனால் எத்தனை சதுர அடி, கல் எத்தனை அங்குலம், எந்த டிசைன், உடைசலுக்கு எத்தனை கூடுதல், வண்டிக்கூலி யாருடையது, இறக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் வரவேண்டும் ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மாதிரிக் கல் எடுத்து, பின்புறத்தில் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி காட்டி விற்றால் சரக்கு மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 17. பின்னால் வரும் தகராறில் உங்களுக்கு முதல் சாட்சி அந்தக் கல்தான்.

17 வயதுப் பையன் போட்ட கையெழுத்து?

செல்லாது. 1903இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) ஒரு கல்கத்தா அடமான வழக்கில் இதை முடிவாகச் சொல்லிவிட்டது. 18 முடிந்தபின் "நான் அன்று போட்டது சரிதான்" என்று ஒப்புக்கொண்டாலும் அந்தப் பழைய ஒப்பந்தம் உயிர் பெறாது. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் சட்டப்படி கட்டுமா?

சத்தியம் மட்டும் ஒப்பந்தமாகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, வழக்கில் ஒரு தரப்பு "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, எதிராளியும் அப்படியே செய்துவிட்டால், அந்தச் சாட்சியம் அந்த விஷயத்தில் முடிந்த முடிவு. பழைய தலைமுறை "சத்தியம் பண்ணிட்டா கேஸ் முடிஞ்சது" என்று சொல்வது இதை வைத்துத்தான். 1969இல் வந்த புதிய சட்டம் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. இன்று சூடம் அணைத்தது, பேச்சு நடந்தது என்பதற்கான ஒரு சூழ்நிலைச் சான்று, அவ்வளவே.

பிரதிபலன் என்கிறார்களே, அது பணமாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. வாக்குக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி எதிராளி ஏதாவது செய்தாலும், செய்யாமல் விட்டாலும், அல்லது அப்படிச் செய்வதாக ஒத்துக்கொண்டாலும் அது பிரதிபலன். வழக்குப் போடாமல் பொறுத்திருப்பதுகூடப் பிரதிபலன்தான். சந்தை விலைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குறைந்த விலை என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் விழாது. ஆனால் சம்மதம் உண்மையாகவே இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்போது விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நம் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து முக்கியமாக விலகும் இடம் ஒன்று இதில் உண்டு. வாக்குப் பெற்றவரே பிரதிபலன் தரவேண்டியதில்லை. "வேறு எவரும்" தரலாம். இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்துடையது: 1882இன் சின்னய்யா – ராமய்யா வழக்கு. ஒரு தாய் தன் சொத்தை மகளுக்கு எழுதி வைத்து, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மகளும் தருவதாகத் தனியே எழுதிக் கொடுத்தார். பிறகு, "அவர்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று மறுத்தார். தாய் கொடுத்த சொத்தே போதிய பிரதிபலன் என்றது நீதிமன்றம். சொத்தைப் பிள்ளைக்கு எழுதும்போது விதவைத் தங்கைக்கோ வயதான ஆச்சிக்கோ மாதாமாதம் ஒரு தொகை வைக்க நினைப்பவர்கள் இந்த வழக்கில் நடந்தபடியே செய்யலாம். பத்திரத்தில் நிபந்தனை எழுதுவதோடு, சொத்துப் பெறுபவரிடம் ஒப்புதல் பத்திரம் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

திருப்பணிக்கு ஐந்து லட்சம் தருவதாகக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். இப்போது தரவில்லை. கேட்க முடியுமா?

அவர் சொன்னதை நம்பி நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே மாதிரி இரண்டு வழக்குகள், இரண்டு முடிவுகள்.

1886, கல்கத்தா. ஹவுராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டார். சேர்ந்த கையெழுத்துகளை நம்பி ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். கட்டுமானத்துக்காகத்தான் பணம் என்று தெரிந்தே கையெழுத்திட்டார், அதை நம்பி மற்றவர்கள் கடன்பட்டார்கள். ஆகவே தரவேண்டும் என்று தீர்ப்பு. 1914, அலகாபாத். பள்ளிவாசல் பழுதுபார்க்க ஒருவர் 500 ரூபாய் சொன்னார். அந்த வாக்கை நம்பி ஒரு வேலையும் தொடங்கவில்லை. தரவேண்டியதில்லை என்று தீர்ப்பு.

ஆகவே திருப்பணிக் குழு நன்கொடை நோட்டில் பெயரும் தொகையும் மட்டும் எழுதினால் போதாது. என்ன வேலைக்கு (இராஜகோபுரமா, பிராகாரமா), எத்தனை தவணை, எந்தத் தேதி, "இத்தொகையை நம்பி ஸ்தபதியிடம் வேலை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரி, கையெழுத்து ஆகியவை வேண்டும். ஸ்தபதியோடு எழுதும் ஒப்பந்தம் அதற்குப் பிந்திய தேதியில் இருக்க வேண்டும். முன்தேதியில் இருந்தால் "இவரை நம்பித்தான் தொடங்கினோம்" என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடும். பெரும்பாலான குழுக்கள் இந்தத் தேதியைக் கவனிப்பதே இல்லை.

கொடுத்து முடித்த நன்கொடை வேறு. அதற்குப் பிரதிபலன் தேவையில்லை; மனம் மாறித் திருப்பிக் கேட்கவும் முடியாது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கொடுத்துவிட்டார் என்ற ஒன்றே அங்கே போதுமானது.

அண்ணன் தம்பிக்குள், கணவன் மனைவிக்குள் கொடுக்கும் வாக்கு?

குடும்பத்துக்குள் சாதாரணமாகப் பேசுவதை நீதிமன்றம் ஒப்பந்தமாகப் பார்க்காது. இதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு இலங்கையோடு தொடர்புடையது. அங்கே நீர்ப்பாசனத் துறையில் பெரிய பதவியில் இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், உடல்நலத்துக்காக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு பிரிந்தார்கள். 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டக் கட்டுப்பாட்டை நினைத்துப் பேசியது அல்ல இது என்று தள்ளிவிட்டது.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25 உறவுகளுக்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. நெருங்கிய உறவுக்குள், இயல்பான அன்பின் காரணமாக, எழுத்தில், பதிவு செய்து கொடுக்கும் வாக்கு பிரதிபலன் இல்லாமலே கட்டும். நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். பதிவு இல்லாத "அன்புக் கடிதம்" போதாது. உறவு இருந்தும் அன்பு இல்லை என்றாலும் போதாது: கல்கத்தாவில் 1900இல் ஒரு வழக்கில், சண்டை போட்டுப் பிரிய ஒத்துக்கொண்ட தம்பதியின் பதிவுப் பத்திரத்தை, பத்திரமே சண்டையைப் பற்றித்தான் பேசுகிறது, அன்பைப் பற்றி அல்ல என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதும் "அன்பின் மிகுதியால்" என்ற சொல் இருந்தாலும் உண்மைச் சூழல்தான் பார்க்கப்படும்.

புரோநோட்டு எழுதும்போது எங்கே தவறு நடக்கிறது?

கொடுத்து வாங்கும் தொழிலில் பெயர் பெற்ற இந்த ஊர்களிலேயே புரோநோட்டுகள் சின்னத் தவறுகளால் தோற்கின்றன. அதனால் விரிவாகவே சொல்லலாம்.

நிபந்தனை கூடாது. "வீடு விற்றதும் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட்டே அல்ல. நிச்சயமான தொகை, நிச்சயமான ஆள், நிபந்தனையற்ற உறுதி, கையெழுத்து ஆகிய நான்கும் 1881ஆம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டம், பிரிவு 4 கேட்பவை.

ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியே ஆக வேண்டும். கையெழுத்து அதன்மேல் குறுக்கே ஓட வேண்டும். ஸ்டாம்பு மறுபடி பயன்படாதபடி அடிக்கப்படாவிட்டால் ஒட்டாததாகவே கருதப்படும். மற்ற பத்திரங்களில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்து கோர்ட்டில் காட்டலாம். புரோநோட்டுக்கு அந்த வாய்ப்பை முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தரவில்லை. ஸ்டாம்பு இல்லை என்றால் அந்தத் தாளைச் சான்றாகவே காட்ட முடியாது.

"தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது தாங்கள் வேண்டும்போது" என்று பெரியவர்கள் எழுதிய வரி அலங்காரம் அல்ல. "உத்தரவு பெற்றவர்" என்ற சொல் இல்லாமல், சாட்சிக் கையெழுத்து மட்டும் இருந்தால் அந்தத் தாள் முத்திரைச் சட்டப்படி கடன் பத்திரம் ஆகி, கூடுதல் தீர்வை கேட்கும். "கொண்டுவருபவருக்கு" என்றும் எழுதக் கூடாது. அதை ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுக்கிறது. புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயம் இல்லை. வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் இந்த வரியோடு சேர்த்து.

காலக்கெடு மூன்று ஆண்டு. "வேண்டும்போது" என்ற நோட்டில் அது எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது, நீங்கள் கேட்ட நாளிலிருந்து அல்ல. கடன்காரர் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டினால் நோட்டின் பின்புறம் வரவு எழுதுவது வழக்கம். அந்த வரவை நீங்கள் எழுதி நீங்களே கையெழுத்திட்டால் பயன் இல்லை. கட்டியவர் தன் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மூன்றாண்டு முடியுமுன் கட்டியிருக்கவும் வேண்டும். அப்படியிருந்தால் கட்டிய தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு. கடனை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதத்துக்கும் இதே கெடு.

காலாவதியான பிறகு? அப்போது "கடன் உண்டு" என்ற ஒப்புதல் போதாது. "இன்ன தொகையைத் தருகிறேன்" என்று புதிய வாக்குறுதி எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். அதை மட்டும் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25 ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிரதிபலனும் வேண்டியதில்லை.

கடன் வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த ஸ்டாம்புக்கு உட்பட்ட தொகைவரை அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகச் சட்டம் கருதுகிறது. பிரதிபலன் வந்ததாகவும் முதலில் ஊகிக்கப்படும். வரவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். யார் எவ்வளவு நெருக்கினாலும் வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் அபராதத்துக்குரியது என்பதையும் நினைவில் வைத்து வங்கி வழியே வாங்குங்கள். பணம் வந்த கணக்கே சான்றாகவும் நிற்கும்.

ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதலாமா?

எழுதலாம். ஆறு மாதம் என்பது, பயன்படாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பழைய தேதித் தாள் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம் என்றும் சொன்னது. அதனால் அன்றைய தேதியில் வாங்குவதே நல்லது.

வீடு வாங்க அச்சாரம் கொடுத்தேன். விற்பவர் மாறிவிட்டார். அல்லது நானே பின்வாங்கினால்?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பதிவு செய்யாமல் விட்டால் எல்லாம் போய்விடவில்லை: ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வில்லங்கச் சான்றில் வராது. விற்பவர் வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டால், முந்தைய ஒப்பந்தம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரை அசைப்பது கடினம்.

வழக்குப் போட மூன்றாண்டு: ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லாவிட்டால் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. மீதிப் பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், கடன் ஒப்புதல் கடிதம், கெடுவுக்குள் அனுப்பிய பதிவுத் தபால் நோட்டீஸ் ஆகியவை அதற்கு. "பணம் வைத்திருந்தேன்" என்ற வாய்மொழி பலமுறை தோற்றிருக்கிறது.

வாங்குபவர் பின்வாங்கினால் கட்டிய எல்லாவற்றையும் விற்பவர் விழுங்கிவிட முடியாது. 1963இல் உச்ச நீதிமன்றம் ஃபதே சந்த் வழக்கில் அச்சாரமாகக் கொடுத்த 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றது; பிறகு கொடுத்த 24,000 ரூபாயை அபராதமாகப் பிடிக்க விடவில்லை. எது அச்சாரம், எது விலையின் ஒரு பகுதி என்று ரசீதில் பிரித்து எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பூர்வீக வீட்டில் இருபது பங்காளிகள். ஒருவர் மட்டும் தேக்குத் தூண்களை விற்றுவிட்டார். இன்னொருவர் தன் பங்கையே வெளியாளுக்கு விற்கப் போகிறார்.

செட்டிநாட்டு வீடுகள் அழிவதற்கு இதுவே முக்கியமான வழி. அதனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

தூண், நிலை, கதவு, சாமான் ஆகியவற்றில் எல்லோருக்கும் பங்கு. உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை போகாது என்பது பொது விதி. மற்ற பங்காளிகள் சம்மதித்து ஒருவர் கையில் மட்டும் பொருளை ஒப்படைத்திருந்தால், அவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் காப்பாற்றப்படலாம். சாவியை ஒரே பங்காளியிடம் கொடுத்துவிட்டு ஊர் போகும் வழக்கத்தில் இந்த ஆபத்து இருக்கிறது. சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுத்து, சாமான் பட்டியல் எழுதி, "பராமரிப்புக்கு மட்டும், விற்க உரிமை இல்லை" என்று சாவி பெறுபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரிக்கத் தொடங்கியது தெரிந்தால் அன்றைக்கே தடை உத்தரவு கேட்க வேண்டும். இறக்கிய தூணைத் திரும்ப நிறுத்த எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

பிரியாத பங்கை ஒருவர் விற்கலாம், தடுக்க முடியாது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால் வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க உரிமை இல்லை என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 44. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், பிரிவு 4, அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பங்காளிகளுக்குத் தருகிறது. பலருக்கு இது தெரியாமல், மிரட்டலுக்குப் பயந்து வீட்டையே விற்றுவிடுகிறார்கள்.

வாயால் பிரித்துக்கொண்டது செல்லுமா என்றும் கேட்கிறார்கள். குடும்ப ஏற்பாடு வாய்மொழியாக இருக்கலாம் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் காலே வழக்கில் சொன்னது. முன்பே பேசிப் பிரித்ததை நினைவுக்காக எழுதும் தாளுக்குப் பதிவு வேண்டாம்; அந்தத் தாள்தான் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். "இன்று முதல் இன்னாருக்கு இரண்டாம் கட்டு" என்று எழுதினால் அது பிரிக்கும் தாள். பெண் பிள்ளைகளின் பங்கைக் குறைக்கும் பழைய வாய்மொழிப் பாகப்பிரிவினையை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு, அதற்குப் பொது ஆவணங்களின் ஆதரவு வேண்டும் என்கிறது. இருபது பேரும் ஊருக்கு வரும் ஒரு திருவிழா நாளில் பதிவுப் பத்திரமாக முடித்துவிடுவதே சரியான வழி. வெளிநாட்டில் இருப்பவர் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை மறக்கிறார்கள்.

மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டேன். இப்போது கவனிக்கவில்லை. திரும்பப் பெறலாமா?

தான செட்டில்மெண்ட் இரண்டு சாட்சிகளோடு பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், எழுதியவர் தன் விருப்பத்துக்கு ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, ஒரு வழி தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக்குத் தேவகோட்டையில். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. எழுதிவிட்டால் அந்த வாதமே எழாது. "உணவு, இருப்பிடம், மருத்துவச் செலவு அளித்து ஆயுள்வரை பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்" என்று ஒரு வரியும், குடியிருக்கும் ஆயுள் உரிமை உங்களுக்கே என்று ஒரு வரியும் சேருங்கள். இதைக் கேட்கப் பெற்றவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

"தர்மத்துக்கு" என்று நிலம் எழுதி வைத்தால் அறக்கட்டளை ஆகிவிடுமா?

அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால் ஆகாமல் போகலாம். 1899இல் பிரிவி கவுன்சில், ஓர் உயிலில் "தர்மம்" என்று மட்டும் எழுதியதை, பொருள் மிகப் பரந்தது, நீதிமன்றத்தால் நடத்திவைக்க முடியாது என்று செல்லாததாக்கியது. மார்கழி மாதம் 30 நாள் அன்னதானம், இன்ன பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, இன்ன ஊருணி தூர்வாருதல் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அறக்கட்டளை நிற்க வேண்டியவை: கொடுப்பவரின் எண்ணம், நோக்கம், பயனடைபவர், சொத்து எது என்ற அடையாளம், சொத்தை அறங்காவலர் கைக்கு மாற்றுதல். கடைசியானதுதான் அதிகம் தவறுகிறது. பத்திரம் பிரமாதமாக எழுதிப் பதிவும் செய்கிறார்கள். பட்டா கொடுத்தவர் பெயரிலேயே இருக்கிறது, வைப்புத்தொகை அவர் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து வாரிசுகள் "இது எங்கள் அப்பச்சி சொத்து" என்று வருகிறார்கள். பதிவான வாரமே பட்டா மாற்ற மனுக் கொடுங்கள், அறக்கட்டளைப் பெயரில் பான் எண் வாங்குங்கள், வங்கிக் கணக்கு தொடங்கிப் பணத்தை மாற்றுங்கள். வருமான வரி விலக்குக்கான பதிவு தனி வேலை.

குடும்பத்தாருக்கான தனியார் பொறுப்பாண்மைக்கு 1882ஆம் ஆண்டின் இந்தியப் பொறுப்பாண்மைச் சட்டம். அசையாச் சொத்து என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது உயில் கட்டாயம். நகை, பணம் என்றால் ஒப்படைத்தாலே போதும். பொது, சமய அறக்கட்டளைக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அறங்காவலர் நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்றுதான். சொந்தச் சொத்தைப் போலக் கவனமாகப் பார்க்க வேண்டும், அதில் சொந்த லாபம் எடுக்கக் கூடாது, அறக்கட்டளைச் சொத்தைத் தானே விலைக்கு வாங்கக் கூடாது, கணக்குக் காட்ட வேண்டும், பத்திரம் வேறு சொல்லாதவரை எல்லோரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். பத்திரத்தில் விடுபடும் வரி எது என்றால், ஓர் அறங்காவலர் காலமானால் அல்லது வெளிநாட்டில் நிலைத்துவிட்டால் அடுத்தவர் எப்படி வருவார் என்பது. எத்தனை பேர், எத்தனை ஆண்டு, யார் நியமிப்பார், எண்ணிக்கை இரட்டைப்படையில் சமமாகப் பிரிந்தால் என்ன என்று எழுதிவிடுங்கள்.

முப்பாட்டனார் கோயில் விளக்குக்கு எழுதி வைத்த வயல். நாங்கள் வாரிசுகள். விற்கலாமா?

கூடாது. கோயிலுக்கோ கட்டளைக்கோ (விளக்கு, பூஜை போன்ற குறிப்பிட்ட காரியத்துக்கு எழுதி வைக்கும் அறம்) கொடுத்த நிலத்தை விற்பது, அடமானம் வைப்பது, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவது எல்லாம் அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது (1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், பிரிவு 34). வாரிசு என்பது கட்டளையை நடத்தும் உரிமைதான்; வயல் உங்களுடையது அல்ல. இந்துக் கோயிலோ கட்டளையோ அல்லாத பொது அறத்தில் முறைகேடு என்றால், அக்கறை உள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 92இன்கீழ் வழக்குத் தொடரலாம்.

கல்யாணத்தில் பேசிய சீர் வரவில்லை என்று வழக்குப் போடலாமா?

முடியாது. வரதட்சிணை ஒப்பந்தம் 1961ஆம் ஆண்டின் சட்டப்படி செல்லாது, கேட்பதே குற்றம். ஆனால் இதே சட்டத்தில் பொறுப்பாண்மை அழகாக வேலை செய்கிறது. பெண்ணுக்கென்று வந்ததை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அவளுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பதாகவே சட்டம் கருதுகிறது. பெண்ணின் நகையைக் கணவர் வீட்டார் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கழுத்துரு (செட்டிநாட்டுத் திருமாங்கல்யம்), வைரத்தோடு, வெள்ளி, பித்தளை என்று வீட்டில் ஏற்கெனவே எழுதும் பட்டியலையே வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் வடிவில் எழுதுங்கள்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர், அவரது உறவு, மணமக்கள் இருவர் கையெழுத்து. மூலம் பெண்ணிடம் இருக்க வேண்டும். திருமணத்தன்று எழுதும் இசைகுடிமானம் திருமணம் நடந்ததற்கான சான்று. இந்தப் பட்டியலுக்கு மாற்று ஆகாது.

மொய்?

மொய் கொடுத்து முடித்த அன்பளிப்பு. திரும்ப வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, வாக்குறுதி இல்லை. மொய் நோட்டு கடன் பத்திரம் ஆகாது.

வாட்ஸ்அப்பில் ஒத்துக்கொண்டது?

ஒப்பந்தமாகலாம், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்வழி ஒப்பந்தத்தை ஏற்கிறது. உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்ற சிலவற்றை மின்வடிவில் எழுத முடியாது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் போனை மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எந்தப் போன், யார் வைத்திருந்தார் என்று அதில் வரும். குரல் செய்தியில் பேசிய விலையையும் தேதியையும் அன்றே எழுத்துச் செய்தியாக அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.